வீட்டுக் கம்பியில்லா வலையும் ஆவணக் காப்பும்

(கழகத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழாக் காணும் நம் கழகத்தின் கூட்டங்களில் கல்வியின் சிறப்பையும் ஒற்றுமையின் தேவையையும் பேசுதல் வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ வேறு. வீட்டில் வைஃபை ரவுட்டர் எனப்படும் கம்பியில்லாத் திசைவியை எவ்வாறு அமைப்பது, அதனோடு இணைந்த சேமிப்புப் பெட்டியில் நம் ஆவணங்களை எவ்வாறு காப்பது என்பதே இன்றைய பேச்சு. இது கடைக்காரர் பேசவேண்டிய பொருளன்றோ என்று சிலர் எண்ணலாம். கடைக்காரர் பெட்டியை விற்பார். அதனுள் வைக்கும் ஆவணத்தின் அருமையை நாமன்றோ அறிவோம்!

நம் பெற்றோர் தகரப் பெட்டியில் துணியில் சுற்றி வைத்திருந்த தாள்கள் எவை? சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், வீட்டுமனைப் பட்டா, குடும்ப அட்டை. இன்று முதல் பட்டதாரிச் சான்றிதழும் அவற்றோடு சேர்ந்துள்ளது. பொருள் உள்ள வீட்டில் ஒரு தாள் தொலைந்தால் அலைச்சல் மட்டுமே. ஒரு பிள்ளையின் உதவித்தொகையை நம்பிக் கல்லூரிப் படி ஏறும் வீட்டிலோ அந்த ஒரு தாளால் ஓராண்டே வீணாகலாம். மறுநகல் கோரி மனுவும் சான்றும் எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் மாணவர்களைத் தலைமையாசிரியர் பணியில் உள்ள எம்மைப் போன்றோர் ஆண்டுதோறும் காண்கிறோம். விண்ணப்பத்தின் கடைசி நாள் அவர்களுக்காகக் காத்திருப்பதில்லை.

2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையும் சுற்றுப்புற மாவட்டங்களும் வெள்ளத்தில் மூழ்கியபோது, சான்றிதழ்களை இழந்தோர்க்கு மறுநகல் வழங்க அரசு சிறப்பு முகாம்களையே நடத்த வேண்டியிருந்தது. நகல் ஒருபோதும் மூலம் ஆகாது என்பது உண்மையே. ஆயினும் சான்றிதழின் எண்ணும் நாளும் வழங்கிய அலுவலகத்தின் பெயரும் தெளிவாகத் தெரியும் நகல் கையில் இருந்தால், மறுநகல் பெறும் வழி பாதியாகக் குறையும். எனவே நகலைக் காத்தல் என்பது பணம் படைத்தோரின் பொழுதுபோக்கன்று. நம் வீடுகளுக்கே அது முதன்மையான தேவை.

இனித் திசைவியைக் காண்போம். தெருவிலிருந்து ஒளியிழைக் கம்பி வழியாக வரும் இணையத்தை வீட்டிலுள்ள கைபேசி, மடிக்கணினி முதலியவற்றிற்குப் பகிர்ந்தளிப்பது திசைவியின் வேலை. இணைப்பு தரும் நிறுவனம் சுவரில் மாட்டிச் செல்லும் பெட்டியே பெரும்பாலும் இவ்வேலையையும் செய்துவிடுகிறது. வானொலி அலைகளே அதன் ஊர்தி. 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என அவ்வலைகள் இருவகையாக வரும். முன்னது சுவரைக் கடந்து தொலைவு செல்லும், வேகம் குறைவு. பின்னது வேகம் மிக்கது, இரண்டு சுவர் கடந்தால் சோர்ந்துவிடும். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த திறனில் உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என 2005ஆம் ஆண்டு விதி வகுக்கப்பட்டது. அதனாலேயே நாம் அனுமதிச் சீட்டு ஏதுமின்றி வீட்டில் திசைவி வைத்துக்கொள்கிறோம்.

திசைவியை வைக்கும் இடம் முக்கியம். வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்தில், திறந்த வெளியில் வைத்தல் நன்று. இரும்புப் பீரோவின் பின்னாலோ, தண்ணீர்த் தொட்டியின் அருகிலோ, மைக்ரோவேவ் அடுப்பின் பக்கத்திலோ வைத்தல் ஆகாது. இரும்பு அலையைத் தடுக்கும், நீர் உறிஞ்சும், அடுப்போ 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலையையே பயன்படுத்துவதால் இடையூறு செய்யும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள தெருக்களில் பல திசைவிகள் ஒரே தடத்தில் பேசி ஒன்றையொன்று கெடுக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய மூன்று தடங்களே ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. அண்டை வீட்டார் எதில் உள்ளனர் என்று பார்த்து மற்றொன்றைத் தேர்தல் வேண்டும்.

இடத்தைவிட முக்கியமானது பூட்டு. திசைவிக்கு இரண்டு கடவுச்சொற்கள் உண்டு என்பதைப் பலர் அறியார். வலையில் சேர்வதற்கானது ஒன்று. திசைவியின் அமைப்புகளையே மாற்றும் அதிகாரத்திற்கானது மற்றொன்று. முன்னதை மாற்றுவோர் உண்டு. பின்னதைத் தொழிற்சாலை வைத்தபடியே விட்டுவிடுவோரே மிகுதி. இதன் தீங்கை 2016ஆம் ஆண்டு உலகம் கண்டது. மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலைகள் வழக்கமாக வைக்கும் ஏறத்தாழ 60 பெயர், கடவுச்சொல் இணைகளை மட்டுமே முயன்று பார்த்து, இலட்சக்கணக்கான திசைவிகளையும் கேமராக்களையும் தன் படையாக்கிக்கொண்டது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அப்படை தொடுத்த தாக்குதலால் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலிய தளங்களையே மக்கள் திறக்க இயலாது போயிற்று. பூட்டாத வீடுகளின் கதவுகள் வழியே ஒரு நாட்டின் இணையம் தாக்கப்பட்டது என்றால் மிகையாகாது.

ஆகவே புதுத் திசைவி வந்தவுடன் செய்யவேண்டியவை இவை. பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள தாளைப் பார்த்து, 192.168.1.1 போன்ற முகவரியைக் கணினியில் திறந்து, நிர்வாகக் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள். வலைக்கான பாதுகாப்பு முறையாக டபிள்யூ.பி.ஏ.3 இருப்பின் அதனையும், இல்லையேல் டபிள்யூ.பி.ஏ.2 என்பதையும் தேர்ந்தெடுங்கள். டபிள்யூ.இ.பி. என்னும் பழைய முறையின் பலவீனம் 2001ஆம் ஆண்டிலேயே வெளிப்பட்டுவிட்டது. அது பூட்டுப் போலத் தோன்றும், பூட்டாது. கடவுச்சொல்லாகப் பெயரையும் பிறந்த நாளையும் வையாதீர். தொடர்பில்லாத நான்கு சொற்களைக் கோத்து வையுங்கள். திசைவியின் உள்மென்பொருளுக்குப் புதுப்பிப்பு வந்தால் உடனே ஏற்றுங்கள். அண்டை வீட்டுப் பிள்ளைகள் படிப்புக்காக இணையம் கேட்டால் மறுக்கவேண்டா. விருந்தினர் வலை என்று தனியே ஒன்றைத் திறந்து, அதற்கு வேறு கடவுச்சொல் கொடுங்கள். அவர்கள் இணையத்தை மட்டுமே அடைவர். நம் சேமிப்புப் பெட்டியை அடையார். கடவுச்சொல்லைத் தெருவிற்கே வழங்குதலும் தகாது. இணைப்பு எவர் பெயரில் உள்ளதோ அவரையே விசாரணை முதலில் நாடும் என்பதை மறவாதீர்.

அடுத்தது சேமிப்புப் பெட்டி. கடைகளில் இதனை நாஸ் என்பர். ஒன்றோ இரண்டோ வன்தட்டுகளைக் கொண்ட சிறு கணினியே இது. லேன் கம்பியால் திசைவியோடு இணைத்துவிட்டால், வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் தத்தம் கோப்புகளை இதில் படியெடுத்து வைக்கலாம். 2011ஆம் ஆண்டு தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணன் பெற்ற கணினியும், தங்கையின் கைபேசியும் ஒரே பேழையில் தம் பொருளை வைக்கலாம். பெட்டிக்கு மாறாத முகவரி ஒன்றைத் திசைவியிலேயே ஒதுக்கி, ஒவ்வொருவர்க்கும் தனிப் பெயரும் தனிக் கோப்புறையும் கொடுத்தல் முறை. மின்வெட்டு எழுத்தை இடையில் அறுக்குமாதலால் சிறு யூ.பி.எஸ். ஒன்றும் தேவை.

கொள்ளளவு போதுமா என்ற கவலை வேண்டா. ஒரு பக்கத்தைத் தெளிவாகப் படமெடுத்தால் ஏறத்தாழ 1 மெகாபைட் ஆகும் என்று கொண்டால், 1 டெராபைட் வட்டில் பத்து இலட்சம் பக்கங்கள் அடங்கும். ஒரு தெருவின் சான்றிதழ்கள் அனைத்திற்கும் அதில் இடமுண்டு.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தைத் தெளிவாக்குதல் நம் கடமை. இரண்டு வட்டுகளில் ஒரே பொருளை எழுதும் இரட்டைப் பதிவு முறை உள்ளதே, அதுவே காப்பு என்று பலர் நம்புகின்றனர். அன்று. ஒரு வட்டு பழுதானால் மற்றொன்று தாங்கும்; அவ்வளவே. தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரு வட்டிலும் அக்கணமே அழியும். திருடன் பெட்டியைத் தூக்கிச் சென்றால் இரண்டும் போகும்.

பெட்டியை வாங்கியதோடு காவல் முடிந்தது என்று இருந்தோர் அடைந்த துயரை 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் காட்டியது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் மை புக் லைவ் என்னும் வலைச் சேமிப்புப் பெட்டிகள், உலகின் பல பகுதிகளில், உரிமையாளர் தொடாமலே வெறுமையாயின. குடும்பப் படங்களும் பல்லாண்டு உழைப்பும் ஓரிரவில் மறைந்தன. காரணம் யாது? கடவுச்சொல்லே கேளாமல் அனைத்தையும் அழிக்கும் ஆணையை ஏற்கும் பிழை அவற்றின் மென்பொருளில் இருந்தது. 2015ஆம் ஆண்டிற்குப் பின் அவற்றிற்குப் புதுப்பிப்பும் இல்லை. அவையோ இணையத்திற்கு நேரே திறந்திருந்தன. ஆதலின் சேமிப்புப் பெட்டியை வெளியிலிருந்து அணுகும் வசதியை, இன்றியமையாத் தேவை இருந்தாலன்றித் திறவாதீர். புதுப்பிப்பு நின்றுபோன பெட்டியை இணையத்திலிருந்து துண்டியுங்கள்.

அங்ஙனமாயின் உண்மையான காப்பு எது? பீட்டர் குரோக் என்னும் நிழற்படக் கலைஞர் பரப்பிய மூன்று, இரண்டு, ஒன்று என்னும் விதி எளியது. மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். ஒன்றேனும் வேறிடத்தில் இருத்தல் வேண்டும். வேறிடம் ஏன் என்பதற்கு 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் நேர்ந்த தீயே சான்று. ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு நிலையக் கட்டடம் ஒன்று முற்றாக எரிந்தது. மூலமும் படியும் அங்கேயே வைத்திருந்தோர் இரண்டையும் இழந்தனர். பெரிய நிறுவனத்தின் கட்டடமே எரியுமாயின் நம் கூரை எம்மாத்திரம்?

அவ்வேறிடப் படி மின்னிணைப்பும் வலையிணைப்பும் அற்றதாக இருத்தல் மேலும் நன்று. 2017 மே மாதத்தில் வானாகிரை என்னும் தீநிரல் 150 நாடுகளுக்கு மேல் பரவி, கணினிக் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணயம் கேட்டது. கழற்றி அலமாரியில் வைத்த வட்டை எத்தீநிரலும் தொட இயலாது.

செலவை எண்ணி எவரும் சோர்வடைய வேண்டா. சேமிப்புப் பெட்டி வாங்க இயலாதோர், திசைவியில் யூ.எஸ்.பி. துளை இருப்பின் ஒரு வெளிவட்டை அதிலேயே செருகிப் பொதுப் பேழையாக்கலாம். அதுவும் இயலாதோர் இரண்டு பென்டிரைவ்களில் படியெடுத்து, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை உறவினர் வீட்டிலும் வைக்கலாம். 2015ஆம் ஆண்டு நடுவண் அரசு தொடங்கிய டிஜிலாக்கரில் சேர்க்கத்தக்க சான்றுகளையும் சேர்த்துவிடுங்கள். அதுவும் ஒரு வேறிடமே.

இன்னும் ஒன்று உண்டு. அதுவே பெரும்பாலோர் விட்டுவிடுவது. படியெடுத்தது திறக்கிறதா என்று பார்த்தீர்களா? 1998ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனத்தில் டாய் ஸ்டோரி 2 என்னும் திரைப்படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி ஒரு தவறான ஆணையால் அழிந்தது. காப்புப் படி உண்டே என்று தேடியபோது, அது சில வாரங்களாகவே சரியாக இயங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மகப்பேற்றுக்குப் பின் வீட்டிலிருந்து பணியாற்றிய தொழில்நுட்ப இயக்குநர் ஒருவரின் வீட்டுக் கணினியில் இருந்த படியே அப்படத்தைக் காத்தது. வேறிடத்துப் படியின் பயனும், சோதியாத காப்பின் பயனின்மையும் இவ்வொரு நிகழ்ச்சியிலேயே விளங்கும். ஆகவே மூன்று திங்களுக்கு ஒருமுறை, ஏதேனும் ஒரு கோப்பைப் படியிலிருந்து மீட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால் மட்டுமே அது காப்பு.

தோழர்களே! ஏடுகள் எவ்வாறு பிழைக்கின்றன என்பதை நம் வரலாறே கூறும். அயோத்திதாசப் பண்டிதர் 1907ஆம் ஆண்டு தொடங்கிய இதழில் எழுதியவை 1999ஆம் ஆண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்தன. பழைய இதழ்களைச் சிலர் தலைமுறை கடந்து பேணி வைத்திருந்தமையாலேயே அது கைகூடியது. நம் கழகத்தின் இருபத்தைந்து ஆண்டுக் கூட்டக் குறிப்பேடுகளும், உதவித்தொகைப் பதிவேடுகளும், விழாப் படங்களும் இன்று ஒரே அலமாரியில் உள்ளன. ஒரு கறையான் புற்று போதும், அவை இல்லாதொழிய. அவற்றை வேறு எவரும் காக்கப்போவதில்லை.

ஆதலின் இவ்வெள்ளி விழா ஆண்டில் நம் இளைஞர்க்கு ஒரு பணியை வேண்டுகிறோம். கழகத்தின் ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, மூன்று படிகளாக்கி, ஒன்றை வேறூரில் வையுங்கள். பின்பு தெருவில் வீடு வீடாகச் செல்லுங்கள். திசைவியின் கடவுச்சொல்லை வீட்டாரையே மாற்றச் செய்யுங்கள். அவர்தம் சான்றிதழ்களுக்குப் படியெடுத்துக் கொடுங்கள். பிறர் ஆவணத்தை அவர் இசைவின்றித் தொடாதீர். உங்கள் கைபேசியில் அதன் படி ஒன்றும் தங்கலாகாது. முதியோர் கேட்டதையே மீண்டும் கேட்பர். பொறுமையாக மீண்டும் சொல்லுங்கள். நமக்காகப் பள்ளி வாயிலில் காத்து நின்றவர்கள் அவர்கள்.

பெற்ற கல்வியை எவரும் பறிக்க இயலாது என்பர். பெற்றதற்கான சான்றோ நீராலும் தீயாலும் மறதியாலும் போகக்கூடியது. அதனைக் காக்கும் வழி இன்று நம் கைக்கு எட்டும் தொலைவில் உள்ளது. அவ்வழியில் நடப்போம்.