பணம் கட்டுவதற்கு முன் வாருங்கள்
(மாதாந்திரக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





சபர் நமக்குப் புதிதல்ல. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் காரைக்காலிலிருந்து நம் முன்னோர் சைகோனுக்குக் கப்பலேறினார்கள். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் அங்கே கட்டிய பள்ளிவாசலில் இன்றும் தொழுகை நடக்கிறது.

ஊர் கைமாறியபோது ஒரு காகிதம் பல குடும்பங்களின் தலையெழுத்தை மாற்றியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே வீட்டில் அண்ணன் கொடுத்தார், தம்பி கொடுக்கவில்லை. என் வாப்பா கொடுக்கவில்லை. அதனால்தான் நான் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்கிறேன்! எது சரி என்று சொல்ல வரவில்லை. அவர்கள் தெரிந்து முடிவெடுத்தார்கள், அவ்வளவுதான்.

இன்று நம் பிள்ளைகள் தெரியாமல் போகிறார்கள். போன ரமலானுக்கு முன் ஒரு தாய் அலுவலகத்துக்கு வந்தார்கள். மகன் பத்தாவது தேறவில்லை. நகையை அடகு வைத்து ஏஜெண்டிடம் ஒன்றேகால் லட்சம் கட்டி வளைகுடா போயிருக்கிறார். கையில் விசிட் விசா. மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை. புகார் எழுதலாமென்றால் ஒப்பந்தமும் இல்லை, ரசீதும் இல்லை. திரும்பி வரும் டிக்கெட்டுக்கு நாம்தான் வசூல் செய்தோம்.

பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். வகையில் வரும். அவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக, 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதியைச் சுற்றிப் போகிற சந்துதான் விசிட் விசா. பதிவு பெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். அவர் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். முறைப்படி போகிறவருக்கு அரசுக் காப்பீடு உண்டு: இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், வரி தனி, விபத்தில் மவுத்தானால் குடும்பத்துக்கு 10 லட்சம். கல்யாண விருந்துக்கு மூன்று தடவை கணக்குப் பார்க்கிற நாம், இதை ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை.

தாய்மார்களே, மகனின் பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் மூன்றுக்கும் நகல் வீட்டில் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்தில் இருப்பேன். காகிதத்தைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து படித்துப் பார்க்கலாம். பணம் கட்டிய பிறகு அல்ல, கட்டுவதற்கு முன்.