‘ஏற்கிறேன்’ என்று சொன்னது யார்?



தொலைக்காட்சியைப் பற்றிப் பேச மொழி மேடையில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். வேலை இருக்கிறது. இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சொல்லின் கதை.

சென்ற ஆண்டு எங்கள் வீவக வீட்டிற்கு ஸ்மார்ட் தொலைக்காட்சி ஒன்று வந்தது. இணையத்தோடு இணைத்தவுடன் திரை முழுவதும் ஆங்கில எழுத்துகள். பக்கம் பக்கமாக நிபந்தனைகள். வீட்டின் கடைக்குட்டி ரிமோட்டை எடுத்தான். நான்கு முறை ‘ஏற்கிறேன்’ என்பதை அழுத்தினான். வசந்தம் ஒளிவழி வந்தது, அனைவரும் மகிழ்ந்தோம். படித்தவர்கள் வாழும் வீடு அது. ஆயினும் அந்தப் பக்கங்களை ஒருவரும் படிக்கவில்லை.

நாம் படிக்காமல் விட்டது எதை? இத்தகைய பெட்டிகள் பலவற்றில் ‘தானியங்கி உள்ளடக்க அறிதல்’ என்னும் நுட்பம் அமைந்துள்ளது. திரையில் ஓடும் காட்சியிலிருந்தோ ஒலியிலிருந்தோ சிறு துணுக்குகளை அடுத்தடுத்து எடுத்து, அவற்றைக் கைரேகைபோல் சுருக்கி, நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பும் நுட்பம் அது. அங்கே ஏற்கெனவே சேமித்துள்ள நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டு, எந்தப் பெட்டியில் எந்த நேரத்தில் எது ஓடியது என்று கண்டுகொள்கிறார்கள். இந்த வசதி எங்கெங்கே இயங்குகிறது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும்.

அமெரிக்காவில் விசியோ நிறுவனத்தின்மீது தொடுக்கப்பட்ட வழக்கை மாணவர்கள் அறிந்திருப்பது நன்று. 2014 பிப்ரவரி முதல் 11 மில்லியன் தொலைக்காட்சிகளிலிருந்து நொடிக்கு நொடி பார்வைத் தகவலைத் திரட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. கேபிள் வழி வந்த நிகழ்ச்சியாயினும், வானலையில் வந்ததாயினும், டிவிடியில் போட்ட படமாயினும் விலக்கில்லை. முன்பே விற்றுவிட்ட பழைய பெட்டிகளுக்கும் இணையம் வழியாகவே இந்த மென்பொருளை ஏற்றினார்கள். வயது, வருமானம், கல்வி, மணநிலை போன்ற விவரங்களை அதனோடு பொருத்தும் வழியும் செய்து, பிறருக்கு விற்றார்கள். 2017 பிப்ரவரியில், கூட்டரசு வர்த்தக ஆணையத்துக்கும் நியூ ஜெர்சி மாநிலத்துக்கும் 2.2 மில்லியன் டாலர் செலுத்த இணங்கி, அந்நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. வகுத்துப் பாருங்கள்: ஒரு பெட்டிக்கு 20 காசு.

மொழி ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதற்குள் ஒன்று உண்டு. அந்தக் கண்காணிப்புக்கு விசியோ இட்ட பெயர் ‘ஸ்மார்ட் இன்டராக்டிவிட்டி’. நிகழ்ச்சிப் பரிந்துரைகளுக்கு உதவும் வசதி என்பதுபோல் அதை விளக்கியிருந்தார்கள். சாம்சுங் பெட்டிகளில் இவ்வகை வசதி ‘வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்’. எல்ஜி பெட்டிகளில் ‘லைவ் பிளஸ்’. இவற்றுள் எந்தப் பெயரைக் கேட்டால் ஒரு மூதாட்டிக்குத் தாம் பார்ப்பதை ஒரு நிறுவனம் குறித்துக்கொள்கிறது என்று விளங்கும்? மங்கல வழக்கு என்று இலக்கணத்தில் படிக்கிறோம். துயரத்தை மென்மையாக்கச் செத்தாரைத் துஞ்சினார் என்போம். இங்கே மென்மையாக்கப்படுவது விற்பனை.

பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. முழு உண்மை அதுவன்று. மலிவான பெட்டியைத் தேடி நாமும் கடை கடையாக ஏறி இறங்குகிறோம். விலையைக் குறைத்து விற்கும் நிறுவனம் வேறு வழியில் ஈட்டப் பார்க்கிறது. 2021ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் விசியோவுக்கு விளம்பரமும் தகவலும் சார்ந்த பிரிவு தந்த மொத்த இலாபம், பெட்டி விற்பனை தந்ததைப்போல் இரு மடங்குக்கும் அதிகம். சிங்கப்பூரில் 2011 வரை தொலைக்காட்சி உரிமக் கட்டணமாக ஆண்டுக்கு 110 வெள்ளி செலுத்தியதை மூத்தோர் மறந்திருக்க மாட்டீர்கள். முணுமுணுத்துக்கொண்டே கட்டினோம். ஆனால் எவ்வளவு கட்டுகிறோம், யாருக்குக் கட்டுகிறோம் என்பது தெரிந்தது.

“மறைப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது?” என்று கேட்போர் உண்டு. 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிப் பதவிக்கு முன்மொழியப்பட்ட ராபர்ட் போர்க் என்பவர் வாடகைக்கு எடுத்த வீடியோ நாடாக்களின் பட்டியலை ஒரு வார இதழ் வெளியிட்டது. அதில் வெட்கப்படும்படி எதுவுமில்லை. ஆயினும், ஒருவர் பார்ப்பதைப் பிறருக்கு வெளியிடுவதே தவறு என்று கருதி, மறு ஆண்டே அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. நோயாளி ஒருவர் இருக்கும் வீட்டில் இரவெல்லாம் எது ஓடுகிறது, கடன்பட்டவர் வீட்டில் எது ஓடுகிறது என்பதெல்லாம் மறைக்கத்தக்க குற்றங்களல்ல. அவை அவரவர் வீட்டுச் செய்திகள்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நோக்கத்தைத் தெரிவித்தே இசைவு பெற வேண்டும். ஒரு பொருளைத் தருவதற்குத் தேவையான அளவை மீறிய இசைவை நிபந்தனையாக்கக் கூடாது. தந்த இசைவைத் திரும்பப் பெறலாம். நல்ல விதிகள். 2021இல் நடப்புக்கு வந்த திருத்தமோ, அறிவித்துவிட்டுக் குறித்த காலம் காத்திருந்து, மறுப்பு வராவிட்டால் அதை இசைவாகக் கொள்ளவும் சில நிபந்தனைகளுடன் இடமளிக்கிறது. மௌனம் சம்மதம் என்பது நம்மவர் பழைய வழக்குத்தான். விளம்பரச் செய்தி அனுப்ப இவ்வழியைப் பயன்படுத்த முடியாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எனினும், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவரின் மௌனத்தை எதற்குச் சம்மதம் என்று கொள்வது? நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டில், இசைவு கேட்கும் பக்கமும் நான்கு மொழிகளிலும், ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது நம் கோரிக்கை. பார்வைத் தகவல் பகிர்வு தொடக்கத்திலேயே அணைந்திருக்க வேண்டும், வேண்டுவோர் திறந்துகொள்ளட்டும்.

இன்னும் ஒன்று. ‘ஏற்கிறேன்’ என்பது தன்மை ஒருமை. தொலைக்காட்சியோ கூடத்தில் இருப்பது. பாட்டி, பணிப்பெண், வந்த விருந்தினர் என அனைவரும் பார்ப்பது. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை அழுத்தியவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். ‘ஏற்கிறோம்’ என்று சொல்ல அவனை யார் அனுப்பினார்கள்? அதைச் சொல்லியிருந்தாலும், அதனுள் இருப்பது ‘நாம்’ அன்று, ‘நாங்கள்’ என்று நமக்குத் தெரியும். எதிரே கேட்டுக்கொண்டிருப்பவரை அச்சொல் சேர்த்துக்கொள்வதில்லை.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி தருகிறோம். இன்றிரவு உங்கள் பெட்டியின் அமைப்புகளுக்குள் சென்று அந்தப் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அதன் பொருளைப் பாட்டிக்கு விளங்கும்படி மூன்றே வாக்கியங்களில் தமிழில் எழுதி, அவரிடம் படித்துக் காட்டுங்கள். எங்கள் வீட்டில் படித்துக் காட்டியபோது, அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அப்படியென்றால், போன தீபாவளியிலிருந்து நம்மோடு உட்கார்ந்து யார் பார்த்துக்கொண்டிருந்தது?” என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் அதை அணைத்தோம்.