விஷக்காய்ச்சலும் நம் உபசாரமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் கற்பிக்கும் எனக்கு நோயைப் பற்றிப் பேச யாது தகுதி என்று வினவுவீர்கள். பிழை செய்தவன் என்னும் தகுதி ஒன்றே உண்டு.

சென்ற ஐப்பசியில் உறவினர் இல்லத்து வளைகாப்பு ஒன்றிற்குக் காய்ச்சலோடும் இருமலோடும் சென்றேன். போகாவிடின், "முறை மறந்தான்" எனப் பழிப்பரே என்னும் அச்சம். அங்கே 76 வயது நிரம்பிய என் பெரியம்மாவின் அருகமர்ந்து நெடுநேரம் பழங்கதை பேசினேன். மூன்றாம் நாள் அவருக்குக் காய்ச்சல் கண்டது. பின்னர் நிமோனியாவாக முற்றி, 11 நாள் மருத்துவமனையிற் கிடந்தார். உயிர் பிழைத்தாரெனினும், இன்றுவரை மாடிப்படி ஏற இயலவில்லை. வேறெவரிடமிருந்தேனும் தொற்றியிருக்கலாம் என்று பிறர் தேற்றுகின்றனர். என் நெஞ்சம் அதனை ஏற்கவில்லை. கர்ப்பவதியாகிய அப்பெண்ணிற்கும் யானே கைகளால் நலங்கிட்டேன் என்பதை நினைக்குந்தோறும் உடல் நடுங்குகின்றது.

'இன்புளூயென்சா' என்பது இத்தாலியச் சொல். ஆதிக்கம் எனப் பொருள்படும். கிரகங்களின் ஆதிக்கத்தால் இந்நோய் வருவதென அந்நாட்டார் பண்டு கருதினர். நம்மவரோ மழையின் மீதும் தயிரின் மீதும் பழி சுமத்துவர்! உண்மையில் இது வைரஸ் என்னும் நுண்கிருமியால் வருவது. இருமலிலும் தும்மலிலும் தெறிக்கும் துளிகளாலும், அவை படிந்த கைகளாலும் பரவும். காய்ச்சல் தோன்றுவதற்கு ஒருநாள் முன்னரே தொற்றத் தொடங்கி, தோன்றியபின் 5 முதல் 7 நாள் வரை தொற்றும். 1918-ஆம் ஆண்டில் பம்பாய்த் துறைமுகத்தின் வழியே புகுந்து, நம் தேசத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொன்றதும் இந்நோயே.

இதற்குத் தடுப்பூசி உளது. கிருமி ஓயாது உருமாறுவதால், உலகச் சுகாதார நிறுவனத்தார் ஆண்டிற்கு இருமுறை ஆராய்ந்து ஊசியின் சேர்க்கையை வகுக்கின்றனர். ஆகவே சென்ற ஆண்டு போட்டது இவ்வாண்டிற்குப் போதாது. பயன் தர இரண்டு வாரம் ஆகுமாதலின், ஐப்பசி மழைக்கு முன்பே, புரட்டாசியில் போட்டுக்கொள்வது நலம். முதியோர், கர்ப்பிணிகள், நீரிழிவும் ஆஸ்துமாவும் உடையோர், ஆறு மாதம் நிறைந்த குழந்தைகள் ஆகியோரைப் பற்றி மருத்துவரைக் கலந்து கொள்ளுங்கள். ஊசி போட்டவர்க்கும் ஒரோவழி நோய் வரும். ஆயினும் கடுமை குறையும். சுக்குக் கஷாயம் தொண்டைக்கு இதம் தரும், அவ்வளவே. கடையில் தாமே வாங்கி விழுங்கும் ஆண்டிபயாடிக் மாத்திரையோ வைரஸை ஒன்றும் செய்யாது. மூச்சுத் திணறினால் வீட்டிலிருந்து காலம் போக்கலாகாது.

பெரியோர் முன் வாய்பொத்தி நிற்றல் நம் முன்னோர் வழக்கம். அதனை அடிமைத்தனமென யானே வகுப்பில் எள்ளியதுண்டு. இருமுங்காலேனும் அவ்வழக்கம் மீள்க! கையாலன்று, துணியாலோ முழங்கையின் உட்புறத்தாலோ மூடுக. சோப்பிட்டுக் கை கழுவுக.

இவையெல்லாம் எளியன. அரியது, காய்ச்சலுற்றவன் விசேஷத்திற்கு வாராமலிருப்பதும், வாராதவனை நாம் வையாமலிருப்பதுமே. மொய்ப்பணத்தைப் பிறர் கையில் அனுப்பலாம். நலம் விசாரிக்கத் தொலைபேசி இருக்கின்றது. ஆதலின் நம் சங்கத்தார் அச்சிடும் அழைப்பிதழ்களில், 'காய்ச்சல், இருமல் உடையோர் இல்லத்திலிருந்தே வாழ்த்துமாறு வேண்டுகிறோம்' என்றொரு வரி சேர்க்கக் கோருகிறேன். வரும் தையில் என் மகளுக்குத் திருமணம். அவ்வரி முதலில் என் வீட்டு அழைப்பிதழிலேயே இருக்கும். வாராதவர் எவர்மீதும் யான் குறைகொள்ளேன்.