நால்வர் கூடி வாசித்த வீடு
(ஜூபிலி விழாவில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் பங்கின் விழா நாளில், வேறொரு பங்கின் விழாவைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். 1814-ஆம் ஆண்டு, ஆஸ்திரியாவின் வியன்னா நகரிலுள்ள லிக்டென்தால் பங்குக் கோவில் தன் நூற்றாண்டைக் கொண்டாடியது. அவ்விழாவுக்கெனத் திருப்பலி இசையை இயற்றித் தானே முன்னின்று நடத்தியவனுக்கு வயது 17. அவன் பெயர் பிரான்ஸ் ஷூபெர்ட்.

இந்தத் திறமை ஒரே நாளில் வந்ததன்று. அவனுடைய தந்தையார் ஒரு பள்ளி ஆசிரியர், செல்வர் அல்லர். பிறந்த 14 பிள்ளைகளில் ஐவரே தங்கினர். ஆயினும் தந்தை அவனுக்கு வயலின் கற்பித்தார். அண்ணன் இக்னாஸ் பியானோ கற்பித்தார். பங்கின் பாடற்குழுத் தலைவர் மிக்கேல் ஹோல்சர் பாட்டும் ஆர்கனும் சொல்லிக் கொடுத்தார். 1808-ல், 11 வயதில், அவன் அரசவைக் கோவிலின் பாடகச் சிறுவனாகி விடுதிப் பள்ளியில் சேர்ந்தான்.

விடுமுறைக்கு வீடு வந்தால் கச்சேரிதான்! அண்ணன்மார் இக்னாசும் பெர்டினாந்தும் வயலின், பிரான்ஸ் வியோலா, தந்தை செல்லோ. ‘குவார்ட்டெட்’ எனப்படும் நால்வர் இசையில் அவன் முதலில் எழுதியவை இந்த வீட்டு நால்வருக்காகவே. 1813-ல் எழுதிய ஈ-பிளாட் குவார்ட்டெட்டை இன்றும் வாசிக்கிறார்கள். எழுதியதை உடனே வாசித்துக் காட்ட வீட்டிலேயே ஆள் இருந்ததால், எது நன்றாக ஒலிக்கிறது, எது ஒலிக்கவில்லை என்பதை அவன் காதால் கேட்டே கற்றான். தந்தை வாசிப்பில் பிசகினால் முதன்முறை பேசாதிருப்பானாம். மறுமுறையும் பிசகினால், புன்முறுவலோடு பணிவாகச் சொல்வானாம். மகன் திருத்துவதைத் தந்தை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார். எத்தனை தகப்பன்மாருக்கு இந்த மனம் வரும்?

ஆனால் அந்த வீட்டிலும் மனத்தாங்கல் இருந்தது. மகன் தம்மைப்போல் ஆசிரியராக வேண்டும் என்பதே தந்தையின் விருப்பம். மகனும் சில ஆண்டுகள் தந்தையின் பள்ளியில் கற்பித்தான். மனமோ இசையிலேயே இருந்தது. அந்த வேலையை அவன் விட்டது தந்தைக்கு வருத்தமே. பிள்ளையின் பிழைப்பை எண்ணிக் கவலைப்படாத தகப்பன் உண்டா? அந்தக் கவலையை நான் குறைகூறவில்லை. ஆனால் முதன்முதலில் வயலினைக் கையில் கொடுத்தவரும் அவரே. நூற்றாண்டுத் திருப்பலிக்குப் பின் பியானோ வாங்கித் தந்தவரும் அவரே என்பர்.

ஷூபெர்ட் 1828-ல், 31 வயதில், அண்ணன் பெர்டினாந்தின் வீட்டில் இறந்தார். தம்பியின் கையெழுத்துப் படிகளை அண்ணன் காத்து வைத்தார். அவற்றிடையே இருந்த பெரிய சி-மேஜர் சிம்பொனியை இசைமேதை சூமான் கண்டார். 1839-ல் லைப்சிக் நகரில் மெண்டல்சோன் அதை அரங்கேற்றினார். அண்ணன் அவற்றைப் பழைய காகிதமென்று ஒதுக்கியிருந்தால்?

பெற்றோரே, உங்கள் பிள்ளை பாடினால், வாசித்தால், எழுதினால், வேலையைச் சற்று நிறுத்தி அருகில் அமர்ந்து கேளுங்கள். அவன் பெரிய மேதையாக வேண்டும் என்பதில்லை. கேட்பதற்கு வீட்டில் ஆள் உண்டு என்று அவன் அறிந்தால் போதும். இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக!