பனித்தட்டில் ஒரு குறிப்பேடு

அண்டார்க்டிகாவின் மிதக்கும் பனித்தட்டின்மேல் 1956இல் பிரித்தானியர் நிறுவியது ஹாலி ஆய்வுநிலையம். குளிர்காலத்தில் அங்கே நூறு நாட்களுக்கு மேல் ஞாயிறு எழுவதில்லை. முதல் நான்கு கட்டடங்களையும் பனி விழுங்கிவிட்டது. அங்குத் தங்கியோர், கதிரொளி கிட்டிய நாள்தோறும் டாப்சன் கருவியால் வான்வெளி ஓசோனை அளந்து குறித்தனர். சமையலும் பனி வெட்டி நீராக்கலும் போல அதுவும் ஒரு முறைவேலைதான். (பத்தாண்டாக நம் மன்றக் குறிப்பேட்டை எழுதிவரும் செயலாளர் செவிமடுக்க!)

எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் அளவுகள் சரிந்தன. கருவி பழுதோ என்று ஐயுற்றனர். 1982இல் புதுக் கருவி வந்தது. அதுவும் சரிவையே காட்டிற்று. செயற்கைக்கோள் கண்ட அத்தகைய அளவுகளோ, ஐயத்துக்குரியவை எனக் குறியிடப்பட்டுக் கிடந்தன. ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரிடமும் 1957 முதலான ஏடுகள் இருந்தன. 1985இல் ஓசோன் இழப்பை அவர்களே உலகுக்கு அறிவித்தனர்.

2017 முதல் குளிர்காலத்தில் அங்கு ஆளில்லை. கருவிகள் தாமே குறித்துக்கொள்கின்றன.