அளவறிந்து முடுக்குதல்

குர்லாவில் உருவாகி, மாட்டுங்கா, செம்பூர் வீதிகளில் நெடுங்காலம் உலவிய பிரீமியர் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரில் விடைபெற்றன. வண்டிகள் மாறினும் ஒரு விதி மாறுவதில்லை.

கியர்ப் பெட்டியையும் அதைச் சார்ந்த தண்டுகளையும் பிணைக்கும் போல்ட்டு, முடுக்கும்பொழுது இம்மியளவு நீண்டு, நாணேற்றிய வில்லைப்போல் விறைத்துப் பிடிக்கிறது. முடுக்கம் குறைந்தால் அதிர்வில் கழலும். மிகுந்தால் மரை சிதையும், போல்ட்டே முறியும்.

நாம் செலுத்தும் முறுக்கில் ஏறக்குறைய 10-இல் 9 பங்கு உராய்விலேயே கழிந்துவிடுகிறது. மரையில் எண்ணெய் பட்டு உராய்வு குறைந்தால், அதே முறுக்கு போல்ட்டை அளவு மீறி இழுத்துவிடும். பழகிய கையும் இதை உணராது. ஆதலால், தயாரிப்பாளர் குறித்த அளவை டார்க் ரெஞ்சில் அமைத்து, எதிரெதிர் போல்ட்டுகளாகப் படிப்படியே முடுக்குதல் வேண்டும். பயணியின் உயிரும் ஓட்டுநரின் பிழைப்பும் அந்த எண்ணை நம்பியே ஓடுகின்றன.