மூணு கம்பெனிப் பெட்டி, ஒரே சாஃப்ட்வேர்

இந்த வாரம் வெப், ஆப், ஏ.ஐ. எதுவும் கிடையாது. ஒரு மருந்துப் பரிசோதனை லேப்புக்குள்ள போகப்போறோம். மாத்திரை அட்டையில 500 மில்லிகிராம்னு அச்சடிச்சிருக்கே, உள்ள நிஜமாவே அவ்வளவு மருந்து இருக்கா, இருக்கக் கூடாத மாசு ஏதாவது கலந்திருக்கான்னு பார்க்கப் பல லேப்கள்ல இருக்கிற கருவி ஹெச்.பி.எல்.சி. லிக்விட் குரோமடோகிராஃபி வகையைச் சேர்ந்தது.

வேலை செய்யற விதம் இதுதான். ஒரு பம்ப், நிமிஷத்துக்கு ஒரு மில்லி அளவுல கரைப்பானைத் தள்ளிக்கிட்டே இருக்கும். ஆட்டோசாம்ப்ளர் அந்த ஓட்டத்துல 10, 20 மைக்ரோலிட்டர் சாம்பிளை ஏத்தும். நுண்ணிய பொடி அடைச்ச ஒரு ஸ்டீல் குழாய் வழியா அது போகும்போது, கலந்திருக்கிற பொருள்கள் ஒண்ணொண்ணா பிரிஞ்சு வெளியே வரும். கடைசியில டிடெக்டர், புற ஊதா ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுதுன்னு பார்த்து சிக்னலா அனுப்பும். திரையில எழும்புற மேடுதான் பீக். அது எப்போ வருதுங்கிறதை வச்சு என்ன பொருள்னு கண்டுபிடிக்கிறாங்க. அதோட பரப்பளவை வச்சு எவ்வளவுன்னு கணக்குப் போடறாங்க.

இந்தப் பெட்டிங்க லேசுல சாகாது. ஹெச்.பி. 1100 வந்தது 1995-ல. சீல், விளக்குன்னு மாத்திக்கிட்டே இருந்தா இன்னிக்கும் ஓடும். ஆனா செட்டுல ஒரு பெட்டி மட்டும் போயிடும். புதுசா முழு செட்டு வாங்கக் காசு இருக்காது. செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சதை வாங்கிச் சேர்ப்பாங்க. அதனால ஹெச்.பி. பம்ப், ஷிமாட்ஸு ஆட்டோசாம்ப்ளர், வாட்டர்ஸ் டிடெக்டர்னு ஒரு கூட்டுக் குடும்பம் உருவாகிடும். மூலையில ஒரு விண்டோஸ் எக்ஸ்.பி. கம்ப்யூட்டர். எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் 2014-லயே சப்போர்ட்டை நிறுத்திட்டதால அதை நெட்வொர்க்ல சேர்க்கவும் பயம். "எல்லாத்தையும் ஒரே சாஃப்ட்வேர்ல கொண்டு வா"ன்னு மேலிடத்துல சொல்றது இந்த இடத்துலதான்.

முதல் தலைவலி, பேச்சு மொழி. ஹெச்.பி. 1100 பெட்டிங்க தங்களுக்குள்ள கேன் பஸ்ல பேசிக்கும், கம்ப்யூட்டரோட ஜி.பி.ஐ.பி. இல்லன்னா லேன் கார்டு வழியா பேசும். ஷிமாட்ஸுவோட 10ஏ வரிசைப் பெட்டிங்க ஃபைபர் ஆப்டிக் கேபிள்ல தங்களோட கன்ட்ரோலர் பெட்டிக்குப் பேசும். இன்னும் சில பெட்டிகளுக்கு ஆர்.எஸ்.-232 மட்டும்தான். இதுக்கெல்லாம் டிரைவர் இருக்கு. குரோமெலியான், எம்பவர் மாதிரி பெரிய சாஃப்ட்வேர்கள் மத்த கம்பெனிப் பெட்டிகள்ல சிலதையும் ஓட்டும். ஆனா டிரைவர் ஒரு குறிப்பிட்ட ஃபர்ம்வேர் கேட்கும். உங்க பழைய பெட்டியில அது ஏறாமப் போகலாம். வாங்கறதுக்கு முன்னாடி மாடல் பேரை மட்டும் பார்த்துட்டு வராதீங்க, ஃபர்ம்வேர் எண்ணையும் எழுதிட்டு வாங்க.

டிரைவர் கிடைக்கலன்னா ஒரு குறுக்கு வழி உண்டு. நிறைய டிடெக்டர்கள்ல அனலாக் அவுட்புட் இருக்கும்: ஒளி உறிஞ்சலுக்கு ஏத்த மாதிரி ஒரு வோல்டேஜ். அதை ஒரு ஏ.டி. கன்வெர்ட்டர்ல கொடுத்தா, எந்தக் கம்பெனி டிடெக்டரா இருந்தாலும் திரையில கோடு வந்துடும். பார்க்கிறவங்களுக்கு எல்லாம் ஒண்ணாயிட்ட மாதிரி தெரியும். எனக்கு பயமே இங்கதான்.

ஏன்னா இப்போ சாஃப்ட்வேர் டிடெக்டரைக் கேட்குது, ஓட்டல. ஒரு உதாரணம் பாருங்க. மெத்தட்ல 254 நானோமீட்டர்னு இருக்கு. முந்தின நாள் யாரோ வேற வேலைக்காகப் பெட்டி முன்பலகையில 245-னு தட்டிட்டு, மாத்தாமப் போயிட்டாங்க. இன்னிக்கு ரன் போட்டா பீக் அழகா வரும். ஸ்டாண்டர்டும் சாம்பிளும் அதே 245-ல ஓடறதால மருந்து அளவுகூட சரியா வந்த மாதிரியே இருக்கலாம். ஆனா மாசுப் பொருள் ஒவ்வொண்ணும் அலைநீளத்துக்கு ஏத்த மாதிரி வேற வேற அளவுல ஒளியை உறிஞ்சும். 254-ல பெருசாத் தெரியற மாசு 245-ல சின்னதாத் தெரியலாம். ஃபைல்ல 254-னுதான் பதிவாகியிருக்கும், ஏன்னா சாஃப்ட்வேருக்கு வந்தது வெறும் வோல்ட். ஆடிட் டிரெயில் சுத்தமா இருக்கும். பொய்யும் சுத்தமா இருக்கும். மின்னணுப் பதிவுகளை நம்பணும்னா என்னென்ன வேணும்னு அமெரிக்க எஃப்.டி.ஏ. 1997-லயே 21 சி.எஃப்.ஆர். பார்ட் 11-னு விதி போட்டிருக்கு. பாஸ்வேர்டு போட்டு லாகின் வச்சுட்டா அது நிறைவேறிடுச்சுன்னு நினைக்கிற லேப்கள் இந்த ஓட்டையை யோசிக்கிறதில்ல.

அடுத்தது ஸ்டார்ட் சிக்னல். சாம்பிள் ஏறின நொடியில ஆட்டோசாம்ப்ளர் ரெண்டு வயரை ஒண்ணு சேர்த்து "இப்போ"ன்னு சொல்லணும். பம்புக்கும் ஏ.டி. கன்வெர்ட்டருக்கும் அது போகணும். இந்த வயர்ல லூஸ் கனெக்‌ஷன் இருந்தா ராத்திரி பூரா ஓடின 40 ஊசியும் வீண். அதே மாதிரி நிறுத்தற சிக்னலையும் இணைக்கணும். பம்ப் கசிஞ்சு நின்னுடுச்சு, ஆட்டோசாம்ப்ளருக்கு யாரும் சொல்லலன்னா, அது பாட்டுக்கு சாம்பிளைக் குத்திக்கிட்டே இருக்கும். மறுபடி எடுக்க முடியாத சாம்பிளா இருந்தா என்ன செய்வீங்க?

மூணாவது விஷயத்தை சாஃப்ட்வேர் ஆளுங்க நம்பவே மாட்டாங்க. நமக்கு பம்ப்னா ஒரு இன்டர்ஃபேஸ்: ஓட்ட வேகம் கொடு, கலவை விகிதம் கொடு, முடிஞ்சது. ஆனா ரெண்டு கரைப்பான் கலக்கற இடத்துலேர்ந்து பிரிப்புக் குழாய் வாசல் வரைக்கும் இருக்கிற கொள்ளளவு பெட்டிக்குப் பெட்டி வேற. அதுக்கு டுவெல் வால்யூம்னு பேர். பழைய பம்பைவிடப் புது பம்ப்ல இது அரை மில்லி கூட இருந்து, நிமிஷத்துக்கு ஒரு மில்லி ஓடுதுன்னா, கலவை மாற்றம் குழாய்க்கு அரை நிமிஷம் தாமதமா வந்து சேரும். பீக்கும் தள்ளிப் போகும். ரெண்டு பீக் ஒட்டிக்கவும் செய்யலாம். கோடுல ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. திரையில ரெண்டு பம்பும் ஒரே ஐகான், குழாய்க்குள்ள ரெண்டும் வேற வேற.

அதனால என் கருத்து, பம்பும் ஆட்டோசாம்ப்ளரும் ஒரே கம்பெனியா இருக்கட்டும், முழு கன்ட்ரோல்ல இருக்கட்டும். டிடெக்டர் மட்டும் அனலாக்ல வந்தாப் பரவாயில்ல, ஆனா ஒவ்வொரு ரன்னுக்கும் முன்னாடி முன்பலகையில இருக்கிற அலைநீளத்தை ரெண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போடணும். ஒரே ஸ்டாண்டர்டை ஐந்தாறு தடவை ஏத்தி, பரப்பளவு எவ்வளவு சிதறுதுன்னு பார்க்கிற வழக்கம் லேப்கள்ல இருக்கு. கலப்புக் குடும்பத்துல அதோட சேர்த்து மாசு கலந்த ஒரு சாம்பிளையும் ஓட்டுங்க. அலைநீளக் கோளாறைக் காட்டிக்கொடுக்கிறது அதுதான்.

நேயர் ஒருத்தர், "அண்ணா, ஆர்.எஸ்.-232 தானே, நாமளே பைத்தான்ல எழுதிடலாமே?"ன்னு கேட்டிருந்தார். காலேஜ் ஆராய்ச்சிக்குத் தாராளமா எழுதுங்க தம்பி. கட்டளைப் பட்டியல் கையேட்டுல இருந்தா ஜாலியான வேலை. மருந்தை வெளியே அனுப்பற லேப்னா வேண்டாம். கோடு எழுத ஒரு வாரம் போதும். அது எல்லா நேரமும் சரியாத்தான் செய்யுதுன்னு எழுத்துல நிரூபிக்க மாசக்கணக்காகும், நீங்க வேலை மாறினதுக்கு அப்புறம் அதைப் பார்த்துக்க ஆள் இருக்காது. அந்த லேப்புக்கு செகண்ட் ஹேண்ட்லயே அதே கம்பெனி டிடெக்டரைத் தேடித் தர்றது நீங்க செய்யற பெரிய உதவி.